கேள்வி பதில்: குழியில் போட்டது எது, கிருமியைத் தொட்டது எது?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சாலிசிலால்டிஹைடையும் அனிலினையும் சேர்த்து ஷிஃப் பேஸ் (இதுதான் லிகண்ட், உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறு) செய்து, அதைக் காப்பர் அசிடேட்டோடு ரிஃப்ளக்ஸ் செய்து காம்ப்ளெக்ஸ் (உலோகமும் லிகண்டும் சேர்ந்த அணைவு) எடுத்தேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின்மேல் வெல் டிஃப்யூஷன் முறையில் (கிருமி பூசிய அகார் தட்டில் குழி வெட்டிப் பொருளை ஊற்றுவது) பார்த்ததில் லிகண்டுக்கு 10 மி.மீ., காம்ப்ளெக்ஸுக்கு 18 மி.மீ., சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஸ்டாண்டர்டு மருந்தின் வட்டுக்கு 28 மி.மீ. ஸோன் (கிருமி வளராத வட்டம்) வந்தது. "கீலேஷன் தியரிப்படி ஆக்டிவிட்டி கூடியிருக்கிறது என்று எழுதிவிடு" என்கிறார்கள். எழுதலாமா? வைவாவில் என்ன கேட்பார்கள்? (ஒரு மாணவி, விருதுநகர்)

பதில்: எழுதலாம், ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். செய்திருப்பது நல்ல வேலை. இன்னும் சில சோதனைகள் சேர்த்தால் யார் கேட்டாலும் தைரியமாகப் பதில் சொல்லலாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எடைக் கணக்கு. குழிக்கு 100 மைக்ரோகிராம் என்று எல்லாவற்றையும் ஒரே எடையில் போட்டிருப்பீர்கள், பெரும்பாலான கல்லூரிகளில் அப்படித்தான் நடக்கிறது. உங்கள் லிகண்டின் மூலக்கூறு எடை 197. இரண்டு லிகண்டும் ஒரு காப்பரும் சேர்ந்த காம்ப்ளெக்ஸுக்கு 456. அப்படியானால் 100 மைக்ரோகிராம் லிகண்ட் என்பது 0.51 மைக்ரோமோல், அதே எடை காம்ப்ளெக்ஸ் 0.22 மைக்ரோமோல்தான். மோல் கணக்கில் பாதிக்கும் குறைவாகப் போட்டும் பெரிய வட்டம் வந்திருக்கிறது. இது உங்களுக்குச் சாதகமான செய்தி, ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழ். கடையில் வாங்கும் வட்டில் இருப்பது வெறும் 5 மைக்ரோகிராம். அது 28 மி.மீ. தரும்போது உங்களுடைய 100 மைக்ரோகிராம் 18 மி.மீ. தருகிறது என்றால், "ஸ்டாண்டர்டு மருந்துக்கு நெருக்கமான செயல்திறன்" என்று எழுத இடமே இல்லை.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: வெறும் காப்பர் உப்பைத் தனியாக ஒரு குழியில் போட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. காப்பர் அயனியே கிருமியைக் கொல்லும், அதற்கு லிகண்ட் தேவையில்லை. அந்த 18 மி.மீ. உங்கள் காம்ப்ளெக்ஸ் செய்த வேலையா, அதிலிருந்து கழன்ற காப்பர் செய்த வேலையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. 100 மைக்ரோகிராம் காம்ப்ளெக்ஸில் எவ்வளவு காப்பர் இருக்கிறதோ அதே அளவு காப்பர் 44 மைக்ரோகிராம் காப்பர் அசிடேட் மோனோஹைட்ரேட்டில் இருக்கும். அதை ஒரு குழியில் போடுங்கள். இன்னொரு குழியில் அந்த உப்பையும் லிகண்டையும் 1:2 விகிதத்தில் சும்மா கலந்து போடுங்கள். மூன்றாவதில் வெறும் டி.எம்.எஸ்.ஓ., அதாவது இவற்றைக் கரைக்கப் பயன்படும் கரைப்பான். இந்த மூன்றும் இல்லாத ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாக அச்சாகியிருக்கின்றன, அதைப் பார்த்து நீங்களும் விட்டுவிட வேண்டியதில்லை.

அப்புறம் அந்த வட்டம். ஸோனின் அளவு கிருமியைக் கொல்லும் திறனை மட்டும் காட்டுவதில்லை, அந்தப் பொருள் அகாருக்குள் எவ்வளவு தூரம் ஊறிப் பரவுகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. நீரில் சரியாகக் கரையாத, எண்ணெய்த்தன்மை கூடிய காம்ப்ளெக்ஸ் குழியோரத்திலேயே படிந்து நின்றுவிடும். அது வலிமையான பொருளாகவே இருந்தாலும் சின்ன வட்டம்தான் வரும். நீரில் நன்றாகக் கரையும் சாதாரணப் பொருள் பெரிய வட்டம் தரும். ஆகவே ஒரே பொருளை வெவ்வேறு கிருமிகளுக்கு எதிராகப் பார்க்க ஸோன் ஓரளவு உதவும், வெவ்வேறு பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட உதவாது. அதற்கு எம்.ஐ.சி. எடுக்க வேண்டும், அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு. 96 குழித் தட்டில் முல்லர்-ஹின்டன் பிராத்தை (கிருமி வளர்க்கும் திரவ உணவு) ஊற்றி, மருந்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், மில்லிலிட்டருக்கு 5 லட்சம் கிருமி என்ற அளவில் சேர்த்து, 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 20 மணி நேரம் வைத்துப் பார்ப்பதுதான் முறை. ஒரு மைக்ரோபிப்பெட்டும் இன்குபேட்டரும் இருந்தால் போதும், உங்கள் ஊர்க் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் கேட்டுப்பாருங்கள். தரக்கட்டுப்பாட்டுக்குப் பயன்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் 29213 ரகத்துக்கு எதிராக சிப்ரோஃப்ளாக்சசினின் எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 0.12 முதல் 0.5 மைக்ரோகிராம். உங்களுடையது 128 என்றோ 256 என்றோ வந்தால் மனம் தளராமல் அப்படியே எழுதுங்கள், அது ஒரு உண்மையான எண்.

கீலேஷன் தியரிக்கு வருகிறேன். 1960-களில் ட்வீடி முன்வைத்த கருத்து அது. உலோக அயனியின் நேர்மின்சுமை லிகண்டோடு பகிரப்படுவதால் அயனியின் முனைவுத்தன்மை குறைகிறது, கொழுப்பில் கரையும் தன்மை கூடுகிறது, செல் சவ்வைத் தாண்டி எளிதாக உள்ளே போகிறது என்பார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இது ஒரு விளக்கம் மட்டும்தான், நிரூபணம் ஆகாது. ஈ. கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு, அதில் உள்ள போரின் துளைகள் வழியாகச் சின்ன, நீர் விரும்பும் மூலக்கூறுகள்தான் சுலபமாக நுழையும், கொழுப்பு விரும்பும் பொருளுக்கு அங்கே தடைதான் அதிகம். கீலேஷன் தியரியை எழுத ஆசைப்பட்டால் எண்ணெய் போன்ற ஆக்டனாலும் தண்ணீரும் வைத்துக் குலுக்கி, உங்கள் லிகண்டும் காம்ப்ளெக்ஸும் எந்தப் பக்கம் எவ்வளவு போகின்றன என்று அளந்துவிட்டு எழுதுங்கள். அளக்காமல் எழுதினால் புறத்தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக, காம்ப்ளெக்ஸ் கரைசலில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஷிஃப் பேஸின் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு தண்ணீரில் உடைந்து மறுபடி ஆல்டிஹைடும் அமீனுமாகப் பிரியக்கூடியது, சாலிசிலால்டிஹைடுக்கே கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு. பிராத்திலோ கேசினை உடைத்து எடுத்த அமினோ அமிலங்கள் நிறைய, அவை காப்பரை இழுத்துக்கொள்ளும். நீங்கள் பாடுபட்டுப் படிகமாக்கிய பொருளும் கிருமியைத் தொடும் பொருளும் ஒன்றுதானா என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. யு.வி. நிறமாலையைக் கரைத்த உடனே ஒருமுறை, 24 மணி நேரம் கழித்து ஒருமுறை எடுங்கள். பட்டை நகராமல் அப்படியே இருந்தால் பாதி வைவா முடிந்தது.

கேள்வி: ஐ.ஆர். (அகச்சிவப்பு) நிறமாலையில் லிகண்டுக்கு 1620 பக்கம் இருந்த கார்பன்-நைட்ரஜன் பட்டை 1605-க்கு இறங்கியிருக்கிறது. காம்ப்ளெக்ஸ் உருவாகிவிட்டது என்று இதை வைத்தே சொல்லலாமா சார்? (திருச்சி)

பதில்: நைட்ரஜன் உலோகத்தோடு சேர்ந்திருக்கிறது என்று சொல்லலாம், அதற்குமேல் சொல்ல முடியாது. எத்தனை லிகண்ட், வடிவம் என்ன, பொருள் தூய்மையா என்பதெல்லாம் ஐ.ஆருக்குத் தெரியாது. தனிம பகுப்பாய்வும் மாஸ் நிறமாலையும் கட்டாயம். படிகம் வளர்ந்தால் எக்ஸ்-கதிர் எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் வாதமே கிடையாது. தூய்மை உறுதியாகாத பொருளை உயிரியல் சோதனைக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். மிஞ்சிப்போன உலோக உப்பு ஒரு சதவீதம் கலந்திருந்தாலும் முடிவு தலைகீழாகிவிடலாம்.

கேள்வி: புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் தற்செயலாகக் கண்டுபிடித்தது என்கிறார்களே, உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: பாதி உண்மை ஐயா. அந்தச் சேர்மம் 1840-களிலேயே இருக்கிறது, மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் செய்தது, பெய்ரோனே உப்பு என்றே பெயர். அதன் அமைப்பை 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர் யூகித்துச் சொன்னார், அணைவுச் சேர்மங்கள் பற்றிய வேலைக்காக 1913-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவ்வளவு பேருக்கும் அது வெறும் மஞ்சள் தூள்தான், மருந்து என்று யாரும் நினைக்கவில்லை.

1960-களில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்ற இயற்பியலாளர், செல் பிரியும்போது உள்ளே தெரியும் இழைகள் காந்தப்புலக் கோடுகள் மாதிரியே இருக்கின்றனவே, மின்புலம் செல் பிரிவதைப் பாதிக்குமா என்று பார்க்க நினைத்தார். ஈ. கோலை வளரும் கரைசலில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததே அது எதனோடும் வினைபுரியாது என்ற நம்பிக்கையில்தான். கிருமிகள் சாகவில்லை, பிரியவும் இல்லை, சாதாரண நீளத்தைப்போல 300 மடங்கு வரை நூல் நூலாக நீண்டுகொண்டே போயின. இதுவரைதான் தற்செயல்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பொறுமையான வேலை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே மின்சாரம் பாய்ந்த பழைய கரைசலில் புதுக் கிருமிகளை வளர்த்தாலும் அதே விளைவுதான் வருகிறது, ஆகவே காரணம் மின்புலமல்ல, கரைசலில் புதிதாக உண்டான ஏதோ ஒரு பொருள் என்று பிடித்தார்கள். மின்முனையிலிருந்து கொஞ்சம் பிளாட்டினம் கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து அணைவாகியிருந்தது. அந்த அணைவுகளை ஒவ்வொன்றாகத் தனியே செய்து பார்த்ததில், இரண்டு அம்மோனியாவும் ஒரே பக்கம் இருக்கும் மாற்றியம்தான் வேலை செய்தது, எதிரெதிராக இருந்தது செய்யவில்லை. 1965-இல் கிருமி பற்றிய கட்டுரை, 1969-இல் எலிகளின் கட்டி சுருங்கியது பற்றிய கட்டுரை, 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி. நடுவில் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று கைவிடப்படும் நிலைக்கே போனது. சிகிச்சையின்போது நிறைய உப்புநீர் ஏற்றும் முறை வந்த பிறகுதான் தாக்குப்பிடித்தது. விரைப் புற்றுநோய் பரவிவிட்டால் பிழைப்பது அரிது என்றிருந்த நிலை மாறி, இன்று அந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள் என்றால் அதில் இந்த மஞ்சள் தூளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைத் தூய்மையாக, விரைவாகச் செய்ய உலகம் முழுக்க ஆய்வகங்களில் பின்பற்றும் முறை, முதலில் குளோரைடை அயோடைடாக மாற்றிவிட்டு அம்மோனியா சேர்ப்பது, 1970-இல் தாரா என்பவர் நம் இந்திய வேதியியல் இதழில் வெளியிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: ஆராய்ச்சி மாணவன். எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று ஊதா நிறத்தை வைத்து அளக்கும் எம்.டி.டி. சோதனையில் என்னுடைய ருத்தேனியம் காம்ப்ளெக்ஸ் சிஸ்பிளாட்டினைவிட நன்றாக வேலை செய்கிறது. இரண்டையும் டி.எம்.எஸ்.ஓ.-வில்தான் கரைத்தேன். எழுதி அனுப்பலாமா? (கோவை)

பதில்: தயவுசெய்து இப்போது அனுப்பாதீர்கள். சிஸ்பிளாட்டினை டி.எம்.எஸ்.ஓ.-வில் கரைத்தால் அதிலுள்ள கந்தகம் பிளாட்டினத்தைப் பிடித்து குளோரைடை வெளியே தள்ளிவிடும். அப்புறம் குப்பியில் இருப்பது சிஸ்பிளாட்டினே அல்ல, அதன் செயல்திறனும் வெகுவாகக் குறைந்துவிடும். 2014-இல் கேன்சர் ரிசர்ச் இதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வந்தது, பிளாட்டினம் மருந்துகளுக்கு டி.எம்.எஸ்.ஓ. வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சாத குறையாக எழுதியிருந்தார்கள். நீங்கள் ஜெயித்தது ஏற்கெனவே முடங்கிப்போன ஒரு எதிராளியை.

சிஸ்பிளாட்டினை 0.9 சதவீத உப்புநீரில் கரையுங்கள், மருத்துவமனையில் வரும் ஊசி மருந்தும் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று உப்புநீரில்தான் இருக்கிறது. உப்புநீர் ஏன் என்றால், குளோரைடு நிறைய இருக்கும் இடத்தில் மூலக்கூறு தன் குளோரைடை விடாது. ரத்தத்திலும் குளோரைடு அதிகம், அதனால் முழுசாகவே பயணிக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு, அங்கேதான் குளோரைடு கழன்று தண்ணீர் ஒட்டி, பிறகு டி.என்.ஏ.-வில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு குவானைன்களைப் பிடித்து இழையை வளைத்துவிடுகிறது. அப்படியே உங்கள் ருத்தேனியமும் டி.எம்.எஸ்.ஓ.-வில் என்ன ஆகிறது என்று என்.எம்.ஆரில் பாருங்கள், ருத்தேனியத்துக்கும் கந்தகத்தின்மேல் ஆசை உண்டு.

இன்னும் இரண்டு. செல்லே இல்லாத குழியில் காம்ப்ளெக்ஸையும் எம்.டி.டி.-யையும் மட்டும் போட்டு ஊதா நிறம் வருகிறதா என்று பாருங்கள், சில காம்ப்ளெக்ஸ்கள் தாமே எம்.டி.டி.-யை ஒடுக்கிவிடும், செத்த செல்லும் உயிரோடு இருப்பதுபோலக் கணக்கில் வரும். அடுத்து, புற்றுநோயல்லாத ஒரு செல் வகையிலும் கட்டாயம் சோதியுங்கள். எல்லா செல்லையும் ஒரே மாதிரி கொல்லும் பொருளுக்கு விஷம் என்றுதான் பெயர்.

கேள்வி: டாக்கிங் (மூலக்கூறு எங்கே போய்ப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) செய்தால் போதுமா? லேப் வசதி குறைவு. (ஒரு மாணவர், திருநெல்வேலி)

பதில்: போதாது. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். டாக்கிங் மென்பொருள் சிஸ்பிளாட்டினை அப்படியே முழு மூலக்கூறாக எடுத்து டி.என்.ஏ.-வின் பள்ளத்தில் எங்கே உட்கார்கிறது என்று பார்க்கும். நிஜத்தில் அது குளோரைடை உதறிவிட்டு குவானைனோடு பிணைப்பே போட்டுக்கொள்கிறது. உலகின் மிகப் பிரபலமான உலோக மருந்தின் வேலையையே காட்ட முடியாத முறை அது. உலோகத்துக்கான அளவுருக்களும் அந்த மென்பொருள்களில் பலவீனம். சோதனை முடிவை விளக்கத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சோதனைக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

கேள்வி: சித்த மருத்துவத்தின் பற்பம், செந்தூரமெல்லாம் இந்த உலோக அணைவு வகையில் சேருமா? (மதுரை)

பதில்: பெரும்பாலும் சேராது. அயச்செந்தூரத்தில் இருப்பது முக்கியமாக இரும்பு ஆக்சைடு, ரசம் சேரும் செந்தூரத்தில் பாதரச சல்ஃபைடு. இவை அடுக்கடுக்காகப் பின்னிய திடப்பொருள்கள், தனித்தனி மூலக்கூறுகளாக நிற்கும் அணைவுகள் அல்ல. ஆகவே இவற்றை அணைவுச் சேர்மத்துக்குப் போடும் அதே சோதனையில் போட்டால் அநியாயமான பதில்தான் வரும், கரையாத தூள் அகாரில் பரவவே பரவாது, வட்டம் வரவில்லை என்பதால் ஒன்றும் முடிவாகாது. சரியான வழி, எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் அது என்ன பொருள் என்று பார்ப்பது, இரைப்பையின் அமிலத்தன்மையில் எவ்வளவு உலோகம் கரைந்து வெளியே வருகிறது என்று அளப்பது, பிறகு விலங்குகளில் நச்சுத்தன்மை.

முறைப்படி செய்து முடித்த மருந்தும் அரைகுறையாக முடித்த மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் என் கவலை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. பரம்பரை அறிவின்மேல் மரியாதை உள்ளவர்கள்தான் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துத் தரச் சொல்லி முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். அதில் உலோகம் இருக்கிறதாமே, பயமாக இருக்கிறது. (சேலம்)

பதில்: இருக்கிறது, கடோலினியம். தனி அயனியாக உடம்பில் விட்டால் அது விஷம், கால்சியம் அயனியின் அளவிலேயே இருப்பதால் கால்சியத்தின் வழிகளை அடைத்துவிடும். அதனால்தான் அதை ஒரு லிகண்டுக்குள் இறுக்கமாகப் பூட்டிக் கொடுக்கிறார்கள். 1988-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்குப் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களில் சிலருக்குத் தோல் இறுகும் ஒரு நோய் வருவதை 2006 வாக்கில் இதோடு தொடர்புபடுத்தினார்கள். உலோகத்தை வளையம்போலச் சுற்றிப் பிடிக்கும் லிகண்டுகள் அதை எளிதில் விடுவதில்லை, நீள வடிவ லிகண்டுகள் ஒப்பீட்டளவில் சீக்கிரம் விட்டுவிடும். 2017-இல் ஐரோப்பாவில் நீள வகையில் சிலவற்றை நிறுத்தியும் வைத்தார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு அம்மாவுக்கு என்ன, போடப்போவது எந்த வகை என்று இரண்டையும் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

கேள்வி: என் மகள் இந்தத் துறையில் பிஎச்.டி. செய்கிறாள். இத்தனை பேர் இத்தனை காம்ப்ளெக்ஸ் செய்கிறார்களே, மருந்தாக ஏதாவது வருகிறதா? (ஒரு தந்தை, நாமக்கல்)

பதில்: வந்திருக்கிறது. முடக்குவாதத்துக்குத் தங்கச் சேர்மமான அவுரனோஃபின் 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தீக்காயத்துக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பை நம் ஊர் மருந்துக் கடையிலேயே வாங்கலாம். மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகத்தில் லேனா ருயிஸ் அசுவாராவின் குழு செய்த காசியோபெய்னா என்ற காப்பர் அணைவுகளில் ஒன்று மனிதச் சோதனை வரை போயிருக்கிறது. மகளின் சக மாணவர்கள் கையாளும் அதே காப்பர்தான்.

எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது 2020-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முடிவு. பல நாட்டு வேதியியலாளர்கள் அனுப்பிய சேர்மங்களை இலவசமாகச் சோதித்துத் தந்த கோ-ஆட் என்ற திட்டம் அது. அதில் வந்த 906 உலோகச் சேர்மங்களில் 88, குறைந்தது ஒரு கிருமிக்கோ பூஞ்சைக்கோ எதிராக வேலை செய்தன, மனித செல்லையும் ரத்தச் சிவப்பணுவையும் பாதிக்கவில்லை. கிட்டத்தட்ட 10 சதவீதம். உலோகம் இல்லாத கரிமச் சேர்மங்களில் இந்த விகிதம் 1 சதவீதம்கூட இல்லை. எல்லாச் சேர்மங்களையும் ஒரே இடத்தில், ஒரே முறையில், நச்சுத்தன்மையோடு சேர்த்துச் சோதித்ததால்தான் இப்படி ஒப்பிட முடிந்தது. நம்மிடம் செய்யும் கைகள் நிறைய இருக்கின்றன, ஒரே முறையில் சோதிக்கும் ஏற்பாடுதான் இல்லை. உங்கள் மகள் வேலை செய்யாத காம்ப்ளெக்ஸ்களின் முடிவுகளையும் ஆய்வேட்டில் சேர்க்கட்டும், அடுத்து வருபவர் அதே பாதையில் மூன்று வருடம் தொலைக்காமல் இருப்பார்.

கேள்வி: சோதனை முடிந்த அகார் தட்டுகளையும் மிச்சக் கரைசலையும் என்ன செய்வது? எங்கள் லேபில் சிங்கில் கொட்டிவிடுகிறார்கள். (ஒரு மாணவி, வேலூர்)

பதில்: கொட்டக்கூடாது, இரண்டும் வேறு வேறு வழி. தட்டுகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில், 15 பவுண்டு அழுத்தத்தில், பை நிறைய இருந்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்த பிறகே வெளியே போட வேண்டும், ஆய்வகக் கிருமிகள் சிலவற்றுக்கு மருந்து எதிர்ப்பு இருக்கும். உலோகக் கரைசல்களுக்குத் தனித்தனி கேன் வைத்து, பெயரும் தேதியும் எழுதி, கல்லூரியின் அபாயக் கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் கொடுங்கள். காப்பர் மீனுக்கு மிகக் குறைந்த அளவிலேயே விஷம், கோபால்ட்டும் நிக்கலும்கூட ஆற்றில் கலக்கவேண்டியவை அல்ல. பல்லேடியம், பிளாட்டினம் மிச்சத்தைத் தனிக் குப்பியில் சேருங்கள், அவற்றை மீட்டெடுத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், பணமும் கிடைக்கும். துறைத்தலைவரிடம் வாயால் சொல்லிக் கேட்கவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள், எழுத்தில் வந்தால் ஒரு கேனாவது வாங்குவார்கள்.